உபரி மின்சாரம் எந்த இடத்தில் முட்டுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரு வட்டாரத்தின் மின்கட்டமைப்பு சிறியது, வெளியே போகும் மின்தடமும் ஒன்றிரண்டுதான். வெயிலும் காற்றும் நன்றாக இருக்கும் நேரத்தில் சோலார், காற்றாலை உற்பத்தியை இறக்கச் சொல்கிறார்கள். அதே நாள் சாயங்காலம் எரிபொருளை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு பெரிய பேட்டரி வைத்தால் இது தீர்ந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். பேட்டரியைப் பற்றிக் கேட்பதுபோல் எழுதியிருந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். எரிபொருள் செலவில்லாமல் வரும் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்வது தவிர்க்க முடியாததா, இல்லை செய்ய வேண்டியதை யாரோ செய்யாததால் நடப்பதா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பல வருடம் மின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். காற்றாலைக்காரர்களுக்கு ஃபோன் போட்டு உற்பத்தியை இறக்குங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்புறம் சில வருடம், புதிய நிலையங்களை மின்கட்டமைப்பில், அதாவது கிரிட்டில், இணைக்கலாமா என்று பார்க்கும் ஆய்வுகளில் இருந்தேன். இயந்திரமும் கம்பியும் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் உறுதியாகப் பேசுவேன். கட்டணம், ஒப்பந்தம், சட்டம் இவை என் தொழில் இல்லை; அந்தப் பக்கம் வரும்போது குறைவாகவே சொல்வேன்.

முதல் விஷயம், உபரி என்று ஒரே சொல்லால் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் தீர்வு தேடினால் தவறான இடத்தில் பணம் போகும்.

எல்லோருக்கும் தெரிந்தது சமநிலைச் சிக்கல். மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி கூடினால், மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைச் சொல்லும் ஃபிரீக்வன்சி 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். சில நாடுகளில் அந்த எண் 60. இதில் ஒரு சின்ன ஏற்றம்கூட ஆபத்தாகலாம் என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே கூரை சோலார் இன்வெர்ட்டர்கள் (பலகையின் மின்சாரத்தை கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவிகள்) ஏராளமானவை ஒரு காலத்தில் ஃபிரீக்வன்சி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. கொஞ்சம் பேர் கூரையில் சோலார் வைத்திருந்த காலத்தில் அது பாதுகாப்பு. லட்சக்கணக்கானவர்கள் வைத்த பிறகு, அத்தனையும் ஒரே நொடியில் அணைந்தால் கண்டமே தள்ளாடும். 2012இல் சட்டம் போட்டு, பழைய இன்வெர்ட்டர்களைப் படிப்படியாக இறங்கும்படி மாற்றினார்கள். உபரியை எப்படி இறக்குகிறோம் என்பதும் உபரியைப் போலவே ஒரு சிக்கல்தான்.

இரண்டாவது, கம்பியின் கொள்ளளவு. மொத்த நாட்டுக்கும் மின்சாரம் தேவைப்படலாம், ஆனால் உங்கள் வட்டாரத்திலிருந்து வெளியே போகும் தடம் சூடாகி எல்லையைத் தொட்டால் அதற்கு மேல் ஒன்றும் அனுப்ப முடியாது. இதில் வெளியாட்களுக்குப் புரியாத ஒரு விதி உண்டு. இரண்டு சர்க்யூட், அதாவது தனித்தனியாக இயங்கும் இரண்டு தடங்கள் இருந்து, ஒவ்வொன்றும் 40 மெகாவாட் தாங்கும் என்றால், 80 அனுப்பலாம் என்று தோன்றும். ஆனால் பொதுவாக 40தான் விடுவார்கள். ஒரு சர்க்யூட் திடீரென்று விழுந்தால் மொத்தச் சுமையும் மற்றதன் மேல் ஏறும். அதுவும் விழுந்தால் வட்டாரமே இருண்டுவிடும். பாதிக் கம்பி எப்போதும் காலியாக ஓடுவது இதனால்தான். இந்த விதி சரியானது. ஆனால் அதைக் கடைப்பிடிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று நினைப்பது சரியில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வோல்டேஜ். வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் சப்ஸ்டேஷனை நோக்கித் திரும்பிப் போக வேண்டுமென்றால், வீட்டுப் பக்கத்து வோல்டேஜ் கொஞ்சம் உயர்ந்தாக வேண்டும். சப்ஸ்டேஷனிலிருந்து தெருக்களுக்கு வரும் ஃபீடர் நீளமாக, கம்பி மெல்லியதாக இருந்தால் அந்த உயர்வு அதிகமாகும். கடைசி வீடுகளில் நண்பகலில் இன்வெர்ட்டர் தானாக அணைந்து அணைந்து வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். வட்டாரத்தில் மொத்தமாகப் பார்த்தால் உபரியே இல்லாத நாளிலும் இது நடக்கும். வோல்டேஜை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை 2025 ஏப்ரல் 28 காட்டியது. அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு, ஒன்றன் பின் ஒன்றாக ஏறிய வோல்டேஜும் அதனால் அடுத்தடுத்து கழன்றுபோன நிலையங்களும்தான் காரணம் என்று ஆய்வுக்குழு சொன்னது.

நான்காவது நிலைத்தன்மை. நீராவியில் ஓடும் பெரிய டர்பைனும் ஜெனரேட்டரும் பல டன் எடையோடு சுழல்கின்றன. ஏதாவது ஒரு நிலையம் விழுந்தால், அந்தச் சுழற்சியில் இருக்கும் ஆற்றல் முதல் சில நொடிகளுக்கு கிரிட்டைப் பிடித்துக்கொள்கிறது. சோலாரையும் இன்றைய காற்றாலைகளையும் கிரிட்டோடு சேர்க்கும் சாதாரண இன்வெர்ட்டருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அதனால் எந்த நேரத்திலும் இன்வெர்ட்டர் வழியே வரும் மின்சாரம் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைக்கிறார்கள். அயர்லாந்துத் தீவில் இந்த வரம்பு முன்பு 50 சதவீதமாக இருந்தது. ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்த்து 2022இல் 75 சதவீதத்தை நிரந்தரமாக்கினார்கள். 50க்கும் 75க்கும் நடுவே இருந்த காற்று மின்சாரம் முன்பு உபரி என்று வெட்டப்பட்டது, அதாவது இறக்கச் சொல்லப்பட்டது. கட்டமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டதால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விடுமுறை நாள் நண்பகல், தேவை மிகவும் குறைவு. ஒரு பக்கத்துக் காற்றாலைகளை வரிசையாக இறக்கச் சொன்னோம். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'உபரி' என்று எழுதினேன். அப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள். சில மாதம் கழித்து ஒரு மூத்த பொறியாளர் அந்த நாட்களின் அளவீடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ஃபிரீக்வன்சி சரியாக இருந்திருக்கிறது. வெளியே போகும் தடத்திலும் இடம் இருந்திருக்கிறது. முட்டியது ஒரே ஒரு சப்ஸ்டேஷனின் வோல்டேஜ். அங்கே வோல்டேஜை உயர்த்துவதற்காக இருந்த கெப்பாசிட்டர் தொகுதியை யாரும் அணைக்கவில்லை. அதை அணைத்திருந்தால் பாதிக் காற்றாலைகள் ஓடியிருக்கும். 'உபரி' என்று எழுதியதால் அந்தக் காரணம் யார் கண்ணிலும் படாமல் மாதக்கணக்கில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஷிஃப்டில் அந்தச் சொல்லை மட்டும் தனியாக எழுத விட்டதில்லை. எந்த எல்லை, எந்த இடம், எத்தனை மணி என்று சேர்த்து எழுத வேண்டும்.

இப்போது ஒரு கற்பனை வட்டாரத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் எளிதாக இருக்க நானே வைத்துக்கொண்டவை. நண்பகல் தேவை 60 மெகாவாட். சோலார் 80 தருகிறது, காற்று 15. ஓர் எரிபொருள் நிலையம் தன் குறைந்தபட்ச அளவான 25இல் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 120. தேவைக்கு 60, வெளியே 40. மிச்சம் 20 மெகாவாட், அதை இறக்கச் சொல்கிறார்கள். காற்றுக் காலத்தில் காற்று 15க்குப் பதில் 45 வந்தால் மிச்சம் 50 ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் முதலில் என் கண்ணில் படுவது அந்த 25. சோலார் உச்சத்தில் இருக்கும்போது எரிபொருள் நிலையம் ஏன் ஓட வேண்டும்? இரண்டு காரணம். அணைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி சூடேற்றிக் கொண்டுவர முடியாது. பழைய கொதிகலன்களுக்குப் பல மணி நேரம் வேண்டும். இன்னொன்று, மேலே சொன்ன வோல்டேஜ் பிடிப்பும் சுழலும் எடையும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன. இரண்டுக்கும் வழி இருக்கிறது. கொதிகலனின் பர்னர்களையும் கட்டுப்பாட்டையும் மாற்றி இன்னும் தாழ்ந்த அளவில் ஓடச் செய்யலாம். டென்மார்க்கில் பழைய நிலக்கரி நிலையங்களிலேயே இதைச் செய்தார்கள். சுழலும் எடைக்கு, எரிபொருளே இல்லாமல் சும்மா சுழலும் சிங்க்ரனஸ் கண்டென்சர் வைக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியா 2021இல் அப்படி நான்கை வைத்தது. அதுவரை நிலைத்தன்மைக்காக நான்கு பெரிய எரிவாயு யூனிட்களை எப்போதும் ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு இரண்டு போதும் என்றானது. அயர்லாந்தில் மனிபாயிண்ட் நிலையத்தில் 130 டன் சுழல்சக்கரத்தோடு (ஃபிளைவீல்) ஒன்றை அமைத்தார்கள். நம் கற்பனை வட்டாரத்தில் 25ஐ 10க்கு இறக்க முடிந்தால் 15 மெகாவாட் இடம் கிடைக்கிறது. காசு செலவாகும், ஆனால் பேட்டரியோடு ஒப்பிட்டால் இதுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அடுத்தது தேவையை நகர்த்துவது. இது சொல்வதற்கு எளிது என்பதால் பலர் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், மனிதர்களின் பழக்கத்தை மாற்றச் சொல்லும் திட்டங்கள் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். தண்ணீரையும் சூட்டையும் குளிரையும் நகர்த்தும் திட்டங்கள் நிற்கும். குடிநீர்த் தொட்டிக்கு எப்போது நீரேற்றினால் என்ன, தொட்டி நிரம்பியிருந்தால் போதும். பாசன பம்புகள், கழிவுநீர் நிலையங்கள், குளிர்பதனக் கிடங்குகள், வாட்டர் ஹீட்டர்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எல்லாமே இப்படித்தான். இவற்றில் பலவற்றை ஒரு காலத்தில் இரவுக்குத் தள்ளி வைத்தோம், அப்போது இரவில்தான் மின்சாரம் மீந்தது. அந்த டைமர்கள் இன்னும் பல இடங்களில் பழைய நேரத்திலேயே இருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் விநியோக நிறுவனம் 2020இல் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை கம்பிக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. 'சோலார் ஸ்பாஞ்ச்' என்று அதற்குப் பெயர். உங்கள் வட்டாரத்தில் இரவில் ஓடும் பம்புகள் ஒரு 10 மெகாவாட் இருந்து, அவற்றை நண்பகலுக்குக் கொண்டுவந்தால், நம் கணக்கில் சாதாரண நாளின் 20 மெகாவாட் மிச்சம் முழுவதும் தீர்ந்துவிட்டது. காற்றுக் காலத்தின் 50 மட்டும் 25ஆக நிற்கிறது.

சூடு என்பதைத் தனியாகவும் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் வீடுகளைச் சூடாக்கத் தண்ணீரைக் குழாய் வழியே ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். டென்மார்க்கில் காற்று மிஞ்சும் நேரத்தில் மின் கொதிகலனால் பெரிய தொட்டிகளில் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்கிறார்கள். வெந்நீர்த் தொட்டி பேட்டரியைவிடப் பல மடங்கு மலிவு. அதை மறுபடி மின்சாரமாக்க முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. சூடு தேவைப்படாத பகுதியில் இருந்தால் ஆலைகளுக்கு வேண்டிய வெந்நீரையும் நீராவியையும் பாருங்கள்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். புதுத் தடம் போடுவதுதான் நேரான தீர்வு, சந்தேகமே இல்லை. டெக்சாஸின் மேற்கில் காற்றாலைகள் குவிந்து, 2009இல் அந்தக் கட்டமைப்பின் காற்று மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் வெட்டப்பட்டது. 2014 தொடக்கத்துக்குள் 3,600 மைல் நீளப் புதுத் தடங்களை முடித்தார்கள், அந்த ஆண்டு வெட்டு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. எதிர்ப்பக்க உதாரணம் சீனாவின் கான்சு மாகாணம்; காற்றாலைகள் முந்திக்கொண்டு, கம்பி பின்தங்கி, 2016இல் 43 சதவீதம் வெட்டப்பட்டது. ஆனால் டெக்சாஸுக்கே பல வருடமும் பல நூறு கோடி டாலரும் தேவைப்பட்டன. காத்திருக்கும் வருடங்களில் என்ன செய்வது?

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாடம் ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஓர்க்னி தீவுகள். அங்கே பெரும்பாலும் காற்றும், கொஞ்சம் கடல் ஆற்றலும் சேர்ந்து ஓர் ஆண்டுத் தேவைக்கு மேலேயே தந்துவிடுகின்றன. பெருநிலத்தோடு இணைப்பதோ கடலடியில் இரண்டு 33 கிலோவோல்ட் கேபிள்கள் மட்டுமே. பாதிக் கேபிளைக் காலியாக வைக்கும் அந்தப் பழைய விதிப்படி பார்த்தால் புதுக் காற்றாலைக்கு இடமே இல்லை. 2009இல் அங்கே வேறு வழியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கேபிளும் நலமாக இருக்கும்போது அதிகமாக அனுப்பலாம். ஒன்று விழுந்தால், தானியங்கிக் கட்டுப்பாடு காற்றாலைகளை நொடிக்கணக்கில் இறக்கிவிடும். ஒப்புக்கொண்டு சேர்ந்தவர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. புதுக் கேபிளின் செலவில் சிறு பங்குக்கே பல காற்றாலைகள் சேர முடிந்தது. நம் கற்பனை வட்டாரத்தில் இதைச் செய்து 40க்குப் பதில் 60 அனுப்ப முடிந்தால், காற்றுக் காலத்தின் மிச்சமான 25, வெறும் 5 ஆகிவிடுகிறது. கம்பியின் உண்மையான சூட்டை அளந்து, காற்றடிக்கும் குளிர்ந்த நேரங்களில் கூடுதலாக ஏற்றுவதும் இதே வகைதான். காற்றாலைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் காற்றடிக்கும்போதுதான் கம்பியும் குளிர்கிறது. உச்சி வெயிலில் ஓடும் சோலாருக்கு அவ்வளவு லாபம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கம்பியின் மறுமுனையில் இருப்பவருக்கும் அதே நண்பகலில் அதே வெயில்தான். அவரிடமும் சோலார் மிஞ்சினால் உங்கள் தடம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் குறையும். காற்றுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு, தூரம் கூடக் கூட இரண்டு இடங்களின் காற்றும் வேறுபடும். தடம் கேட்டுப் போராடுகிறவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

சரி, பேட்டரி. இவ்வளவு தூரம் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம், மேலே சொன்னவற்றைச் செய்த பிறகுதான் எவ்வளவு பேட்டரி வேண்டும் என்பதே தெரியும். 50 மெகாவாட்டுக்கு வாங்கியிருப்பீர்கள், 5 போதும் என்று பிறகு தெரியவரும். பேட்டரி எங்கே நன்றாக உழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நண்பகல் சோலாரை சாயங்கால உச்சத்துக்குக் கொண்டுபோகும் நான்கைந்து மணி நேர வேலை அதற்கென்றே அமைந்தது. ஹவாயின் கவாய் தீவில் நுகர்வோரே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு மின் அமைப்பு, 28 மெகாவாட் சோலாரோடு 100 மெகாவாட்-மணி (ஒரு மெகாவாட்-மணி என்பது 1,000 யூனிட்) பேட்டரியைச் சேர்த்து 2019 தொடக்கத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. நண்பகலில் தீவு முழுவதும் சில மணி நேரம் எரிபொருளே இல்லாமல் ஓடும் நிலை அந்த ஆண்டின் முடிவுக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் நிரம்பி ஒவ்வொரு நாளும் காலியாகும் பேட்டரி போட்ட முதலீட்டைத் திருப்பித் தரும்.

இரண்டாவது வேலை வேகம். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் கோபுரங்கள் சாய்ந்து தெற்கு ஆஸ்திரேலியா முழு மாநிலமும் இருண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி பேட்டரி வந்தது. பெயர் வாங்கித் தந்தது அதன் கொள்ளளவு இல்லை. ஃபிரீக்வன்சி சரியும்போது நொடியின் ஒரு பகுதிக்குள் அது எழுந்து நிற்கிறது. வெளியே போகும் தடம் விழும் அந்தக் கணத்தைத் தாங்கினால், தடத்தில் முன்கூட்டியே அதிகம் அனுப்பவும் துணிவு வரும். சிறிய பேட்டரியை இப்படிப் பயன்படுத்தினால் பெரிய பேட்டரியைவிட அதிக உபரி காப்பாற்றப்படலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்று எனக்குத் தோன்றும்.

பேட்டரி தோற்கும் இடம் நாட்கணக்கில் நீளும் உபரி. காற்றுக் காலத்தில் ஐந்து நாள் விடாமல் அடித்தால், பேட்டரி முதல் நாள் நண்பகலுக்குள் நிரம்பிவிடும். இரவிலும் காற்று தேவைக்கு மேல் இருந்தால் அதைக் காலி செய்ய இடம் இல்லை. மீதி நான்கு நாளும் அது நிரம்பிய குடம்போல உட்கார்ந்திருக்கும். கலிஃபோர்னியாவின் எண்களைப் பாருங்கள்: 2024இல் பேட்டரிகள் 10,000 மெகாவாட்டைத் தாண்டின, அதே ஆண்டு வெட்டப்பட்ட காற்றும் சோலாரும் 34 லட்சம் மெகாவாட்-மணி, முந்தைய ஆண்டைவிட 29 சதவீதம் அதிகம். பேட்டரியால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பேட்டரி இல்லாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். சோலாரும் வளர்ந்துகொண்டே போனது, அதோடு நல்ல வெயிலும் குறைந்த தேவையும் சேரும் வசந்த மாதங்களின் உபரி முழுவதையும் நான்கு மணி நேரச் சேமிப்பால் பிடிக்க முடியவில்லை.

நாட்கணக்குக்கு நீரேற்று நிலையம்தான் இன்றுவரை நம்பகமானது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று, நடுவே பம்பும் டர்பைனும். போட்டதில் 70 முதல் 80 சதவீதம் திரும்பி வரும், பல பத்தாண்டுகள் உழைக்கும். கேனரி தீவுகளில் எல் ஹியர்ரோ என்ற சின்னத் தீவு 2014இல் 11.5 மெகாவாட் காற்றாலைகளையும் எரிமலை வாயில் அமைத்த மேல் நீர்த்தேக்கத்தையும் இணைத்தது. இரண்டு தேக்கங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 650 மீட்டர் உயர வித்தியாசம். 2019 கோடையில் 24 நாள் தொடர்ந்து டீசல் தொடாமல் ஓடினார்கள். ஆனால் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுதான் கிடைத்தது. தேக்கம் சில நாட்களுக்குத்தான் போதும், காற்று மாதக்கணக்கில் மாறுகிறது. மலையும் நீரும் இருக்கும் இடத்தில் இதைத் தீவிரமாகப் பாருங்கள். இல்லாத இடத்தில் ஆசைப்பட்டுப் பயனில்லை.

ஹைட்ரஜனைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்ய 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், அந்த ஒரு கிலோவில் இருப்பது சுமார் 33 யூனிட் ஆற்றல். அதை மறுபடி மின்சாரமாக்கினால், போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். இது இயற்பியல், பேரம் பேச முடியாது. வீணாகும் மின்சாரம்தானே, மூன்றில் ஒன்று வந்தாலும் லாபம்தானே என்று சொல்வார்கள். மின்சாரம் இலவசமாக இருந்தாலும், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலெக்ட்ரோலைசர் இலவசம் இல்லை. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் சில நூறு மணி மட்டும் உபரி வரும் வட்டாரத்தில், அந்த இயந்திரம் மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கும். ஓர்க்னியின் ஈடே தீவில் வெட்டுப்பட்ட மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் செய்து பார்த்தார்கள். கற்றுக்கொள்ளும் முயற்சியாக நான் அதை மதிக்கிறேன். பக்கத்திலேயே ஹைட்ரஜனை அப்படியே வாங்கிக்கொள்ளும் உர ஆலையோ வேறு ஆலையோ இருந்தால் கணக்கு மாறலாம். மின்சாரமாகத் திருப்பி எடுக்கும் நோக்கத்துக்கு, சிறிய வட்டாரத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சார வாகனங்களில் ஒரு பாதி உறுதி, ஒரு பாதி சந்தேகம். வண்டி பகலில் நிற்கும் இடத்தில் சார்ஜிங் வசதி வைத்தால் நண்பகல் உபரி அதில் போகும், இதில் ஐயமில்லை. வண்டியின் பேட்டரியிலிருந்து சாயங்காலம் கிரிட்டுக்குத் திருப்பி எடுப்பது தொழில்நுட்பத்தில் முடியும். எத்தனை பேர் தங்கள் வண்டியை அதற்குக் கொடுப்பார்கள் என்பது திறந்த கேள்வி. திட்டமிடும்போது முதல் பாதியை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். கிரிட்டைத் தானே உருவாக்கிப் பிடிக்கும் புதுவகை இன்வெர்ட்டர்களைப் பொறுத்தவரை, தீவுகளில் அவை நன்றாக ஓடுவதைப் பார்க்கிறோம். சுழலும் இயந்திரமே இல்லாத ஒரு பெரிய கட்டமைப்பை அவற்றை மட்டும் நம்பி ஆண்டு முழுக்க ஓட்டிய அனுபவம் உலகத்துக்கு இன்னும் இல்லை. வரும் என்று நம்புகிறேன், அதை நம்பி இன்றே எரிபொருள் நிலையத்தை இடிக்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். சோலார் பலகை தன் முழுத் திறனைத் தொடுவது ஆண்டில் மிகச் சில மணி நேரம். ஜெர்மனியில் ஒரு காலத்தில் சிறு நிலையங்கள் பலகைத் திறனின் 70 சதவீதத்துக்கு மேல் கிரிட்டுக்கு அனுப்பக் கூடாது என்று விதி இருந்தது. கேட்டால் 30 சதவீதம் போய்விட்டதுபோலத் தோன்றும். ஆண்டு மொத்தத்தில் இழப்பு சில சதவீதம்தான். அந்தச் சில சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் அதே கம்பியில் இன்னும் பல பேர் சேரலாம், சாயங்காலமும் மேகமூட்டமான நாளிலும் கிடைக்கும் மொத்த மின்சாரம் கூடும். கடைசி 5 மெகாவாட்டுக்காகக் கம்பியோ பேட்டரியோ வாங்குவது, அதே பணத்தில் இன்னொரு எரிபொருள் நிலையத்தை இறக்கியிருக்கலாம் என்ற வாய்ப்பை இழப்பது. வெட்டு 2, 3 சதவீதமாக இருக்கும்வரை நான் கவலைப்பட மாட்டேன். 10ஐத் தாண்டினால் காரணத்தைத் தோண்ட வேண்டும். இந்த எண்கள் என் கணிப்பு. விதி எதிலும் எழுதியிருப்பவை இல்லை.

ஆனால் யாருடையதை வெட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம், அதில் உங்கள் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஓர்க்னியில் கடைசியாக வந்தவரை முதலில் இறக்கும் முறை. முன்னால் வந்தவருக்கு அது பாதுகாப்பு, பின்னால் வந்த சிறு சமூகக் காற்றாலைகளுக்குப் பெரிய அடி. எல்லோரையும் ஒரே விகிதத்தில் இறக்குவது இன்னொரு முறை. ஒவ்வொருவருக்கும் வலி சிறிது, ஆனால் நாளை இன்னும் நூறு பேர் சேர்ந்தால் என் பங்கு என்னாகும் என்று யாராலும் கணிக்க முடியாது, அதனால் வங்கிகள் கடன் தரத் தயங்கும். எது சரி என்பதைப் பொறியியல் சொல்லாது. முறை எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுதப்பட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் வெளியே தெரிய வேண்டும் என்பதை மட்டும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனாக உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் வட்டாரத்துக்கு எது பொருந்தும் என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, அதற்குத் தரவு வேண்டும். உங்கள் மின் நிறுவனத்திடம் மூன்றைக் கேளுங்கள். கடந்த ஓர் ஆண்டின் மணிவாரித் தேவையும் உற்பத்தியும். அதில் எரிபொருள் நிலையங்களின் அளவு தனியாக இருக்க வேண்டும். இறக்கச் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் நேரம், அளவு, எந்த உபகரணத்தின் எந்த எல்லை என்ற பதிவு. வெளியே போகும் தடத்தில் அந்த நேரங்களில் ஓடிய மெகாவாட்டும் சப்ஸ்டேஷன் வோல்டேஜும். 'உபரி' என்று மட்டும் எழுதித் தந்தால் விடாமல் திரும்பக் கேளுங்கள். வெட்டு நடந்த மணிகளில் எரிபொருள் நிலையம் எவ்வளவில் ஓடியது என்பதை முதலில் பாருங்கள், அடுத்ததாக வெட்டு ஒரே மூச்சில் எத்தனை மணி நீண்டது என்று பாருங்கள். நான்கைந்து மணியில் முடிகிறதா, நாட்கணக்கில் போகிறதா என்பது தெரிந்தாலே பேட்டரிக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கணக்கு கையில் வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.